நாக்பூர்ல இருந்து வர்றவ

நாக்பூர் வர இன்னும் எத்தனை நேரம் ஆகும்னு சித்த பாத்துச் சொல்லு அம்மிணி. எனக்கும் போன்ல பாக்கத் தெரியும். கண்ணாடி பைக்குள்ள கெடக்குது, அதான். பல்லார்ஷா தாண்டியாச்சா? அப்ப இன்னும் நேரம் கெடக்குது.

நீ டெல்லிக்கா? கம்ப்யூட்டர் வேலையா? நெனச்சேன். ஈரோட்டுல ஏறுனதுல இருந்து அந்தப் பொட்டியைத் தொறந்து வெச்சுத் தட்டிக்கிட்டே இருக்கறயே. மூடி வை, கண்ணு கெட்டுப் போயிரும். இந்தா, பொடி தடவுன இட்லி. நேத்து அவிச்சதுதான், ஒண்ணும் ஆகாது, நல்லெண்ணெய் ஊத்தியிருக்குது. வேண்டாம்னு சொல்லாத, எனக்குக் கோவம் வரும். ம். சாப்பிடு.

கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ளைதானே நீ. உங்கிட்ட ஒரு நாயம் கேக்கறேன். நீயே சொல்லு, யாரு பக்கம் தப்புன்னு. என்ற பொண்ணை ஒருத்தன் மெஷினுங்கறான்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். மெஷினாமா. எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிக்கை அடிச்சுக் குடுத்துட்டு, சைடுல வெப்சைட்டு பண்ணிக் குடுக்கறவன், தரணீதரன்னு பேரு, அவன் சொல்றான். எம் மூஞ்சிக்கு நேரா நின்னு சொன்னான். கையில கரண்டி இருந்திருந்தா நடக்கறதே வேற.

என்ற பேரு சாந்தாமணி. கோபிக்குப் பக்கத்துல ஊடு. பொடி வறுத்து விக்கறேன். பருப்புப் பொடி, இட்லிப் பொடி, கொள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. அவங்கப்பா போய்ச் சேர்ந்தப்ப எம்பொண்ணு அபிநயா பள்ளிக்கூடம் போய்ட்டு இருந்தா. அன்னிக்கு மூட்டுன அடுப்பு. ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு ஒருத்தர் வந்து நிக்கல. வறுத்து வறுத்தேதான் அவளைப் படிக்க வெச்சேன். இன்னொருத்தியா இருந்தா, பணத்தைக் கட்டிட்டு, புள்ளை படிச்சாச் சரின்னு விட்ருவா. நான் அப்படி விடல. அவ என்ன சாப்பிடறா, யாருகூடப் பேசறா, எப்பத் தூங்கறா, எல்லாம் எனக்குத் தெரியும். அம்மான்னா தெரிய வேண்டாமா?

கோயமுத்தூர்ல வேலை கெடச்சுது. தெனமும் போய்ட்டு வந்திருவா. அவ போன்ல எங்க இருக்கான்னு காட்டுற வசதியை நானே கேட்டுப் போட்டுக்கிட்டேன். அடுப்புக்குப் பக்கத்துல என்ற போனைச் சாத்தி வெச்சிருப்பேன். ஒரு கையில வறுப்பேன், ஒரு கண்ணு அதுல. அவ புள்ளி அப்படியே ரோட்டுல நகரும் பாரு, என்ன அழகா இருக்கும்ங்கறே! புள்ளி நின்னுச்சுன்னா போன் போடுவேன். "ஏன் கண்ணு நிக்கறே?" "சிக்னல்மா." "அப்பறம் ஏன் இன்னும் நிக்கறே?" "ட்ராபிக்மா." எத்தனை அக்கறையா இருந்தேன் பாத்துக்க.

ஒருநாள் ஆபீஸ்ல வேலை இருக்குது, நேரமாகும்னா. புள்ளி ஆபீஸ்ல இல்ல. ஏதோ ஓட்டல்ல நிக்குது. அடுப்பை அணைச்சுட்டு, அப்படியே பஸ் ஏறிப் போய்ட்டேன். உள்ள போனா, ஆம்பளப் பசங்க பொம்பளப் புள்ளைக எல்லாம் ஒண்ணா உக்காந்து கேக்கு வெட்டறாங்க. அவளுக்குத்தான் பொறந்த நாளு. அது சரி, பொறந்த நாளுன்னா ஊட்டுக்கு வர வேண்டியதுதானே? காலையில நான் பாயசம் வெச்சுக் குடுத்திருந்தேனே? நான் அடிக்கல. சத்தியமா அடிக்கல. கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன், அவ்வளவுதான். வர்ற வழியெல்லாம் பஸ் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துக்கிட்டா. பயந்துட்டான்னு நெனச்சேன்.

அப்பறம் கொஞ்ச நாள்ல போய்ட்டா. நான் மாவு மில்லுக்குப் போய்ட்டு வர்றேன், ஊடு தொறந்து கெடக்குது, துணிமணி இல்ல, மிக்ஸிக்குப் பக்கத்துல அவ போன் மட்டும் இருக்குது. அட, போனை மறந்து வெச்சுட்டுப் போய்ட்டாளேன்னு அதை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டேண்ட் வரைக்கும் ஓடுனேன் அம்மிணி. போன் இல்லாம வெளியூர்ல என்ன பண்ணுவாளோன்னு.

போலீஸுக்கும் போனேன். அந்த இன்ஸ்பெக்டருகிட்ட அவளே பேசியிருக்கா. நல்லா இருக்கறேன், எங்கம்மாகிட்ட நான் இருக்கற எடத்தைச் சொல்ல வேண்டாம்னு. மேஜர் பொண்ணும்மா, நாங்க ஒண்ணும் பண்றதுக்கில்லன்னு அனுப்பி வெச்சுட்டார். ரெண்டு வருசம் ஆகப் போகுது. கொரலைக் கேக்கல. உசுரோட இருக்கறான்னு மட்டும் தெரியும். அதுவும் அந்த நாக்பூர் இருக்கறதால தெரியும்.

சொல்றேன் இரு. அவ போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வெப்சைட்டு பண்ணிக் குடுத்திருந்தா. அவளும் தரணியும் சேர்ந்து பண்ணது. போட்டோ எல்லாம் அவதான் புடிச்சா. "எங்களைப் பற்றி"ன்னு ஒரு பக்கம் இருக்குது, அதுல நான் பருப்பு வறுக்கற மாதிரி ஒரு போட்டோ, முந்தானையைச் சொருகிக்கிட்டு, வேர்வை வடிய. வேண்டாம்டி, பட்டுச்சேலை கட்டிக்கறேன்னேன். இதுதாம்மா நல்லா இருக்குதுன்னு போட்டுட்டா.

அந்த சைட்டுக்கு யாரு வர்றாங்க, எந்த ஊர்ல இருந்து வர்றாங்க, எத்தனை நேரம் நிக்கறாங்கன்னு காட்டறதுக்கு ஒரு கவுண்ட்டர் போட்டிருந்தான் தரணி. எங்கயோ இருக்கற ஒரு கம்பெனி விக்கறது. சும்மாவும் குடுப்பாங்களாமா, ஆனா கீழ அவங்க வெளம்பரம் வரும். காசு கட்டுனா வெளம்பரம் வராது. என்ற கடையில எவன் வெளம்பரமும் வேண்டாம், கட்டிர்றேன்னு சொல்லிட்டேன். மாசாமாசம் கட்டிக்கிட்டு இருக்கறேன்.

அவ போன பொறவு அதை நான் தொறந்தே பாக்கல. பொழுதுக்கும் அழுகைதான். ஒருநாள் விடியறதுக்கு முன்னாடி தூக்கம் வராம போனைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப அது கண்ணுல பட்டுச்சு. ஊர்ப் பேரா வரிசையா இருக்குது. சேலம், திண்டுக்கல், சென்னை, அப்படி. நடுவுல நாக்பூர். நாக்பூர்ல எவ பருப்புப் பொடி கேக்கறான்னு பாத்தா, தெனமும் இருக்குது. தெனமும் விடியறதுக்கு முன்னாடி, நான் எந்திரிக்கற அதே நேரம். வந்ததும் போயிருது. நின்ன நேரம் சைபர்னு காட்டுது. ஒரு செகண்டுகூட இல்ல.

எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. வேற யாரு அம்மிணி? நான் எந்திரிக்கற நேரம் வேற யாருக்குத் தெரியும்? அந்த கவுண்ட்டர் இருக்கறது அவளுக்குத் தெரியும், நான் பாப்பேன்னும் தெரியும். அதான் எட்டிப் பாத்துட்டு ஓடிர்றா. அவ சுபாவமே அதுதான். சின்னதுல அடுப்படி வாசல்ல தலையை மட்டும் நீட்டிட்டு, நான் திரும்பறதுக்குள்ள ஓடிருவா.

அன்னியிலிருந்து எனக்கு அலாரமே வேண்டாம்னு ஆயிருச்சு. எந்திரிச்சு, மூஞ்சிகூடக் கழுவாம, இருட்டுல உக்காந்துக்குவேன். நாக்பூர்னு விழும். "வந்துட்டயா சாமி"ன்னு சொல்லுவேன். அப்பறந்தான் வெளக்கு. தீவாளி அன்னிக்கு விழுந்துச்சு, எண்ணெய் தேச்சுக் குளிச்சயான்னு கேட்டேன். மழை புயல்னு எங்க ஊர்ல கரண்டு இல்லாத அன்னிக்கும் அவ வந்துட்டுத்தான் போயிருந்தா. நான் காய்ச்சலா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவும் வந்தா. எந்தப் புள்ளை அம்மிணி, அம்மாவை ஒருநாள் தவறாம வந்து பாக்குது? நீ உங்கம்மாவுக்குத் தெனமும் போன் பண்றயா? பாத்தயா. பண்றதில்ல. எம்பொண்ணு வந்தா.

இப்படி நல்லாப் போய்ட்டு இருந்ததுல மண்ணு விழுந்துச்சு. அது எப்படின்னா, ஆத்தூர்ல ஒரு வாத்தியார். கண்ணு தெரியாதவர். எனக்கு அது மொதல்ல தெரியாது. போன்ல கூப்பிட்டு, "அம்மா, உங்க கடையில இட்லிப் பொடிகூட ஆண்மை லேகியமும் விக்கறீங்களா?"ன்னு கேக்கறார். எனக்கு வந்துச்சு பாரு. உங்கம்மாகிட்டப் போய்க் கேளுடா, அக்காகிட்டக் கேளுடான்னு வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். அந்த மனுசன் பொறுமையா இருந்தார். "எனக்குப் பார்வை கெடையாதும்மா. நீங்க கண்ணால பாப்பீங்க. எனக்குப் போனு வாசிச்சுக் காட்டும். கொள்ளுப் பொடி வரைக்கும் ஒழுங்கா வாசிச்சுட்டு, கடைசியில லேகியம், ரம்மி, அப்பறம் சொல்லக் கூசற மாதிரி என்னென்னவோ வாசிக்குது. உங்களுக்குத் தெரியாம யாரோ பண்றாங்க போல, சொல்லிரலாம்னுதான் கூப்பிட்டேன்"னார். எனக்கு மானம் போச்சு. மன்னிச்சுக்குங்க சாமின்னு, அவருக்கு ரெண்டு டப்பா பொடி சும்மா அனுப்பி வெச்சேன்.

அப்பறம் விடுவனா? தரணி கடைக்குப் போய் நின்னேன். கல்யாணப் பத்திரிக்கைக்கு வந்த சம்பந்தி ஊட்டுக்காரங்க முன்னாடியே கேட்டேன், "ஏண்டா தரணி, நான் லேகியம் விக்கறனா?" அவன் "அக்கா, சத்தியமா நான் இல்லீங்க்கா"ன்னு உள்ள பூந்து தேடிப் பாத்தான். அந்த கவுண்ட்டர் இருக்குது பாரு, நான் காசு கட்டறது, அதுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறாங்க. கண்ணுக்குத் தெரியாத மாதிரி, பக்கத்துக்கு வெளிய எங்கயோ தள்ளி. லேகியக் கடைக்கும் சூதாட்டக் கடைக்கும் என்ற கடையில இருந்து வழி, லிங்க்குங்கறான், போட்டு வெச்சிருக்கறாங்க.

"யாரு கண்ணுக்கும் தெரியாததை எதுக்குடா வெக்கறாங்க?"ன்னேன். "மனுசனுக்கு இல்லீங்க்கா, தேடிக் குடுக்கற கம்ப்யூட்டருக்கு. நல்ல கடைக்காரங்க நாலு பேரு ஒரு கடையைக் கையைக் காட்டுனா அந்தக் கடையை மேல தூக்கி வெக்கும். நீங்க கையைக் காட்டற மாதிரி அவங்களே செஞ்சுக்கிட்டாங்க"ங்கறான். அட கெரகமே! நான் ஒருத்தி, காசும் கட்டிட்டு, லேகியத்துக்குச் சிபாரிசும் பண்ணிக்கிட்டு நின்னிருக்கறேன்! தூக்கி எறிடான்னேன். அப்பவே தூக்கிட்டான். வேற நல்ல கவுண்ட்டர் ஒண்ணு போட்டுக் குடுத்தான். நானும் நிம்மதியாப் போய்த் தூங்குனேன்.

மறுநாள் விடியக்காலம் உக்காந்திருக்கறேன். நாக்பூர் வரல.

விடிஞ்சுது. பால்காரன் வந்தான். வரல. சரி, புதுக் கவுண்ட்டரு, பழகட்டும்னு நெனச்சேன். அடுத்த நாளும் வரல. அதுக்கடுத்த நாளும் வரல. தீவாளிக்கும் தவறாதவ, புயலுக்கும் தவறாதவ, எப்படி அம்மிணி நின்னு போவா? ஒடம்பு சரியில்லையா? ஏதாச்சும் ஆக்சிடென்ட்டா? பழைய கவுண்ட்டர்ல வர்ற மேப்புல நாக்பூரைப் பெருசாக்கிப் பாத்துருக்கறேன், அவ புள்ளி எங்க நிக்குதுன்னு. ஒரு ஏரிக்கு நடுவுல நின்னுச்சு. கரையில இல்ல, நட்ட நடுத் தண்ணியில. அப்ப ஏரிக்கரையில ஊடு இருக்கும்னு விட்டுட்டேன். இப்ப அதையே நெனைக்கறேன். கண்ணை மூடுனாத் தண்ணி. வறுத்துக்கிட்டு இருக்கறப்ப வாசல்ல யாரோ தலையை நீட்டற மாதிரி இருக்கும், திரும்பிப் பாத்தா இருக்காது. ஈரத் தலையோட வந்து நிக்கற மாதிரிகூட இருந்துச்சு. பருப்பு அப்படியே கருகிப் போச்சு. என்ற அடுப்புல பருப்பு கருகுனது அதுதான் மொதல் தடவை.

தரணிகிட்டப் போய் அழுதேன். மொதல்ல டீ வாங்கிக் குடுத்தான். அப்பறம் மெதுவாச் சொல்றான். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த லேகியக்காரங்க, போட்ட வழி அப்படியே இருக்குதா, யாராச்சும் எடுத்துட்டாங்களான்னு தெனமும் மெஷினை விட்டுப் பாப்பாங்க. அது வரும், இருக்குதுன்னு பாக்கும், போயிரும். அதான் நின்ன நேரம் சைபரு. வழியை எடுத்துட்டோம், இனி அதுக்கு இங்க வேலை இல்ல. ஊருக்குச் சரியான எடம் தெரியாட்டி, மேப்புல குத்துமதிப்பா நடுவுல ஒரு புள்ளி வெப்பாங்க. அது ஏரியில விழுந்திருக்கும்."

நான் கேட்டேன், "அப்ப எம்பொண்ணு?" அவன் பத்திரிக்கைக் கட்டை எடுத்து அடுக்க ஆரம்பிச்சுட்டான்.

டீ கிளாஸை அவன் மேல வீசிட்டேன். ஆமா, வீசுனேன். ஒரு பெத்தவளைப் பாத்து, உம்பொண்ணு இல்ல அது, மெஷினுன்னா? நான் வந்துட்டயா சாமின்னு கேட்டது மெஷினையா? எண்ணெய் தேச்சுக் குளிச்சயான்னு கேட்டது லேகியக் கடை மெஷினையா? நீயே சொல்லு. உனக்கு இதெல்லாம் தெரியுமில்ல? சரி, மொதல்ல இட்லியைச் சாப்பிடு. அப்பறம் சொல்லு.

நான் அவனுக்கு ஒரே வார்த்தைதான் சொன்னேன். பழசையே திரும்பப் போடு. லேகியம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். அவன் மாட்டவே மாட்டேன்னான். "கெட்ட பேரு வரும்க்கா, தேடுனா உங்க கடையே கெடைக்காமப் போயிரும்"ன்னான். போனாப் போகுதுடா. ஒரு வாரம் அவன் கடை வாசல்ல போய் உக்காந்தேன். போடறேங்க்கா, எந்திரிச்சுப் போங்கன்னுட்டான்.

போட்டான். மறுநாள் விடியக்காலம் விழுந்துச்சு பாரு. நாக்பூர்.

கத்திட்டேன். பக்கத்து ஊட்டுல லைட்டுப் போட்டுட்டாங்க. மெஷினுங்கறானே, ஏன், கோவிச்சுக்கிட்டுப் போனவ திரும்பி வரக் கூடாதா? என்னமோ அவளுக்குப் புடிக்கல, வரல. இப்ப மனசு எறங்கி வந்துட்டா. ஒருதடவை விட்டாச்சு, இனி விடலாமா? டிக்கெட்டைப் போட்டேன், கெளம்பிட்டேன். அந்த ஏரியைச் சுத்தி எத்தனை ஊடு இருக்குமோ, ஒவ்வொரு ஊடாத் தட்டறேன். தமிழ் பேசற பொண்ணுன்னாச் சொல்ல மாட்டாங்களா?

என்ன கேட்டே? ஆமா, அந்தப் புதுக் கவுண்ட்டரு கொஞ்ச நாள் இருந்துச்சே, அதுல என்ன வந்துச்சுன்னா கேக்கறே? அதுல ஒரு பெரிய திருட்டையே புடிச்சேன் அம்மிணி, அதைச் சொல்ல மறந்துட்டேன் பாரு.

அதுல மெஷினுக எல்லாம் வராதாமா, மனுசங்க மட்டுந்தான் காட்டுமாமா. நாக்பூர் வருதா வருதான்னு ராப்பகலா அதையே பாத்துக்கிட்டு இருந்ததுல, ஒருத்தி மாட்டுனா. பாண்டிச்சேரி. போன்ல இருந்து வர்றா. சாயங்காலம் வருவா, சில நாள் வர மாட்டா. வந்தான்னா லேசுல போக மாட்டா. பருப்புப் பொடிப் பக்கத்துல கொஞ்ச நேரம், அப்பறம் "எங்களைப் பற்றி"க்குப் போயிருவா, அங்கயே நின்னுக்குவா. அரைமணி நேரம், முக்கால் மணி நேரம். பொருள் ஒண்ணு வாங்கல. போன வருசம் இப்படித்தான் ஒருத்தி என்ற செய்முறையைச் சுட்டு, பேரை மாத்திப் போட்டு வித்தா. அந்தப் போட்டோவுல எனக்குப் பின்னாடி டப்பா எல்லாம் வரிசையா இருக்கும், எதுல என்ன எவ்வளவு இருக்குதுன்னு பெருசாக்கிப் பாத்தாத் தெரியும். அதைத்தான் பாக்கறா திருட்டு முண்டைன்னு புடிச்சுட்டேன்.

கடை வாசல்ல உக்காந்திருந்த அந்த வாரத்துலயே தரணிகிட்ட அவளை அடைச்சு விடுன்னேன். அடைச்சான். அந்தப் போன்ல இருந்து வந்தா எதுவும் தொறக்காது, ஒரு வரிதான் தெரியும். அனுமதி இல்லன்னு போடறேங்க்கான்னான். அட போடா, அதெல்லாம் ஒறைக்காதுன்னு நானே சொல்லி எழுத வெச்சேன். "உனக்கு இங்க ஒண்ணும் இல்ல. இனிமே இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே. இப்படிக்கு சாந்தாமணி." பேரைப் போடுறான்னேன். யாரு சொல்றதுன்னு தெரியட்டும். அன்னிக்குச் சாயங்காலம் வந்தா. அதைப் பாத்தா. அத்தோட சரி, அப்பறம் வரவே இல்ல. பாத்தயாடா, ஒரே வரியில எப்படி ஓடுனான்னு தரணிகிட்டச் சொன்னேன். அவன் என்னமோ சொல்ல வந்தான், நான் கேட்டுக்கல. எனக்கு நாக்பூர்...

ஏன் அம்மிணி கையை அப்படியே வெச்சுட்டே? காரமா?

என்ன?

சத்தமாச் சொல்லு, வண்டிச் சத்தத்துல கேக்கல.

பொடி திருட வந்தவ என்ற மூஞ்சியை எதுக்கு அவ்வளவு நேரம் பாக்கணும்னா?

டப்பாவைத்தான்... டப்பாவைப் பாத்தான்னு சொன்னனே.

போட்டோவுல டப்பா அப்படியொண்ணும் தெளிவாத் தெரியாதுதான். நாந்தான் தெரிவேன். நானும் அடுப்பும்.

இல்ல. அவ நிக்க மாட்டா. எம்பொண்ணு எங்கிட்ட முக்கால் மணி நேரம் எல்லாம் நின்னதே இல்ல. ஒரு செகண்டு... அது மெஷினுங்கறயா நீயும்? நீயும் அதைத்தான் சொல்றயா?

பாண்டிச்சேரியில யாரையும் தெரியாது எனக்கு. அவளுக்கா? அவளுக்கு யாரைத் தெரியும்னு எனக்கு எல்லாம் தெரியும். அவகூடக் காலேஜ்ல படிச்சவ ஒருத்தி அங்க... அந்தப் புள்ளை சகவாசம் வேண்டாம்னு நாந்தான் நம்பரை அழிச்சு விட்டேன்.

அய்யோ.

அய்யோ அம்மிணி. பழசுலயும் இருந்திருக்கும். அந்தப் பழைய கவுண்ட்டர்லயும் பாண்டிச்சேரின்னு இருந்திருக்கும். நான் நாக்பூரைத் தவுத்து எதையும் பாக்கல. எத்தனை நாளா வந்துக்கிட்டு இருந்தாளோ. எத்தனை சாயங்காலம் வந்து, என்ற போட்டோ முன்னாடி உக்காந்துக்கிட்டு இருந்தாளோ. நான் ஊட்டுல வறுத்துக்கிட்டு இருந்திருப்பேன். அவ அங்க... வந்தவளைப் பாத்து, ஒண்ணும் இல்லன்னு, தலை வெச்சுப் படுக்காதேன்னு, என்ற வாயால, பேரையும் போட்டு...

தண்ணி வேண்டாம். வேண்டாம்ங்கறனில்ல.

இது நாக்பூரா? எறங்கறதா? எதுக்கு எறங்கறது? யாரு இருக்கறா இங்க? அந்தப் பையை எடுக்காத, அங்கயே கெடக்கட்டும். வண்டி போகட்டும். எங்க போகுதோ போகட்டும்.

இந்தா, இந்தப் போனைப் புடி. தரணின்னு இருக்கும் பாரு, அவனுக்குப் போடு. நீயே பேசு. டீ கிளாஸை வீசுனவ போனை அவன் எடுக்க மாட்டான், ஆனா போடு. அடிக்குதா? ... இன்னொருக்காப் போடு. ... எடுத்துட்டானா? சொல்லு, பாண்டிச்சேரியைத் தொறந்து விடச் சொல்லு. இப்பவே. கடையைப் பூட்டிட்டுப் போயிருந்தாலும் திரும்பிப் போய்த் தொறக்கச் சொல்லு. சாயங்காலத்துக்குள்ள. அவ சாயங்காலந்தான் வருவா.

என்ன கேக்கறான்? நாக்பூரா?

நாக்பூரை... எடுத்துரச் சொல்லு. ம். லேகியத்தோட சேத்து எடுத்துரட்டும். நாளைக்கு விடியக்காலம் நான் எந்திரிச்சு உக்காந்திருப்பேன், அது வராது, பரவால்ல, எடுத்துரச் சொல்லு.

இன்னும் என்னவாம்? அந்த வரி இருந்த எடத்துலயா? அவ வந்தாப் படிக்கற மாதிரி வேற ஏதாச்சும் எழுதறதான்னா கேக்கறான்?

இருக்கச் சொல்லு. வெச்சுராதேன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் வர மாட்டேங்குது அம்மிணி. வாடின்னா வர மாட்டா. எங்க இருக்கறேன்னு கேட்டா ஓடிருவா. அவ வயசுதானே உனக்கும்? நீ சொல்லு. உங்கம்மா என்ன எழுதி வெச்சிருந்தா நீ இன்னொருக்கா வந்து பாப்பே?